போகும்போது ஒரு பாட்டு, திரும்பும்போது ஒன்று

கமலாசனிக்கு மாப்பிள்ளை மேல் சந்தேகம் வந்தது ஒரு ட்ரம்பெட்டால்தான். மாங்குளம் ஸ்டேஷனில் டிக்கெட் கொடுக்கிற கதிர்காமநாதனிடம் குடியில்லை, சீட்டில்லை. ஆனால் பின்னேரமானால் லாபிரின் பலசரக்குக் கடைக்குப் பின்னால் இருந்து ஊதுகிறானாம். ஊதுவது சாவீட்டுப் பாட்டாம். அதைக் கேட்டதிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஆவணியில் கலியாணம். செத்தவீட்டுக்கு ஊதுகிறவனுக்கா மகள் இரஞ்சிதத்தைக் கொடுப்பது? ஊர் சிரிக்காதோ?

மிளகாய் வாங்கும் சாட்டில் போனாள். நெல் மூட்டைகளுக்குப் பின்னால் நின்று காதைக் கொடுத்தாள். லாபிர் றபான் மேளத்தை மெல்லத் தட்ட, ட்ரம்பெட் பாடைக்குப் பின்னால் போவதுபோல் இழுத்து இழுத்து அழுதது. இருந்தாற்போல் றபான் துள்ளியது. ட்ரம்பெட் கெக்கட்டம் விட்டுச் சிரித்தது.

"தம்பி, ஆர் செத்தது?" என்று முன்னால் வந்தாள்.

கதிர்காமநாதன் திடுக்கிட்டு எழும்பினான். "ஒருத்தருமில்லை மாமி. இது ஜாஸ். அமெரிக்காவிலை நியூ ஓர்லியன்ஸ் எண்ட ஊரிலை கறுத்த சனம் அந்தக் காலத்திலை வாசிச்சது. இப்ப லண்டன் பொடியள் அதைத் தேடிப்பிடிச்சு வாசிக்கினம். கொழும்பிலை இசைத்தட்டு வாங்கிக் கேட்டுப் பழகினனான்."

"அப்ப சாவீட்டுப் பாட்டில்லையோ?"

'இல்லையெண்டு சொல்லு' என்று லாபிர் கண்ணைக் காட்டினான். மடையன் கதிர்காமநாதனுக்குப் பொய் வரவில்லை.

"சாவீட்டுப் பாட்டுத்தான் மாமி. சுடலைக்குப் போகேக்கை அழுது வாசிப்பினம். திரும்பி வரேக்கை ஆடிப்பாடி."

"செத்தவீட்டிலை ஆட்டமோ? நல்ல சனம்!"

"உங்கடை ஆக்களும் சுடலையாலை நேரே கள்ளுத் தவறணைக்குத்தானே போகினம், அக்கா?" என்றான் லாபிர்.

கமலாசனி மிளகாயை மறந்து விறுவிறென்று நடந்தாள். கலியாணம் இல்லை, அவ்வளவுதான். சாதகத்தில் ஏதாவது குற்றம் சொல்லி விலகிவிடலாம்.

வீட்டில் இரஞ்சிதம் குசினிக்குள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். சுளகு துள்ளியது. வாய்க்குள் ஒரு மெட்டு. கமலாசனி வாசலிலேயே நின்றுவிட்டாள். அதே கெக்கட்டம்!

"உது என்ன பாட்டடி?"

"இதோ? சுடலையாலை திரும்பி வரேக்கை..." இரஞ்சிதம் நாக்கைக் கடித்தாள்.

கமலாசனியின் பார்வை மிளகாய்ப் பானைக்குப் போனது. வாய்வரை நிறைந்திருந்தது. அப்படியென்றால், 'மிளகாய் முடிஞ்சுது' என்று கிழமைக்குக் கிழமை லாபிர் கடைக்கு ஓடினவள்...

"இஞ்சருங்கோ!" என்று புருஷனைக் கூப்பிட்டாள். "ஆவணி மட்டும் பாத்துக்கொண்டிருக்கேலாது. ஆனியிலையே நாள் வையுங்கோ."

"என்னப்பா, மாப்பிள்ளையிலை சந்தேகமெண்டெல்லோ போனனீர்?"

"மாப்பிள்ளையிலை இப்ப ஒண்டுமில்லை" என்றாள் கமலாசனி, மகளைவிட்டுக் கண்ணை எடுக்காமல்.