மீன் அண்ணன் சிமிட்டிய பதினோரு நிமிஷம்

கண்ணீரின் விலை சொட்டுக்கு அறுபது காசு. மருந்துக்கடை வாசலிலேயே மீன் அண்ணன் கணக்குப் போட்டுவிட்டார்: குப்பி நூற்றிருபது, உள்ளே ஏறக்குறைய இருநூறு சொட்டு. ஐம்பத்திரண்டு வருடமாக இலவசமாக வந்துகொண்டிருந்த சரக்கு.

பொத்தான் கடை வைத்திருக்கும் மனிதருக்கு மீன் என்று பட்டப்பெயர் விழுந்ததற்குக் காரணம், அவர் இமைப்பதில்லை. பேரம் தொடங்கினால் எதிராளியை அப்படியே பார்த்துக்கொண்டிருப்பார். முதலில் இமைத்தவர் இறங்கிவர வேண்டும் என்பது கடைத்தெருவின் எழுதாத சட்டம். இருபது வருடமாக அவர் இறங்கியதில்லை. ஜிப் விற்க வந்தவர்கள் அந்த முழியைப் பார்த்துப் பார்த்து, தாங்களாகவே விலையைக் குறைத்துக்கொண்டு, கொடுத்த தேநீரைக்கூடக் குடிக்காமல் கிளம்பியிருக்கிறார்கள்.

மூன்று மாதமாக அந்த முழியில் மணல் அள்ளிப் போட்ட மாதிரி இருந்தது. காலையில் எரிச்சல், மாலையில் மங்கல், பேரம் சூடுபிடிக்கும் நேரத்தில் பொலபொலவென்று தண்ணீர். போன வாரம் நூல்கண்டு மொத்த வியாபாரி பயந்தே போனார். "அண்ணே, ரெண்டு சதவீதத்துக்கா இப்படி அழுவுறீங்க? விடுங்க, எடுத்துக்குங்க" என்று தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். லாபம்தான். மானம்தான் போச்சு.

அதனால்தான் கண் டாக்டரிடம் போனார்.

"தண்ணியா கொட்டுது டாக்டர். ஸ்டாக் ஜாஸ்தி. கொஞ்சம் குறைச்சு விடுங்க."

டாக்டரம்மா விளக்கடித்து, இமையைப் புரட்டிப் பார்த்தார். "உங்க கண்ணு காஞ்சு கிடக்கு."

"வெள்ளம் போற இடத்துல வறட்சிங்கிறீங்க."

"கண்ணீர்னா வெறும் தண்ணி இல்லீங்க. மேல மெல்லிசா எண்ணெய் இருக்கும். இமை ஓரத்துல இருந்து வரும். நீங்க சிமிட்டினாத்தான் அது கண்ணு பூரா பரவும். இல்லேன்னா ஈரம் உடனே காஞ்சிடும். கண்ணு எரியும். எரிஞ்சா, பதறிப்போய் வெறும் தண்ணியைத் திறந்து விடும். அது கண்ணுல தங்காது. கன்னத்துல வழிஞ்சிடும்."

மீன் அண்ணனுக்குப் பளிச்சென்று புரிந்தது. "நல்ல சரக்கு தீர்ந்துபோனா மட்ட சரக்கை அள்ளிக் கொட்டுற மாதிரி."

"அதேதான். கடையில ஃபேன் எங்க இருக்கு?"

"என் மூஞ்சிக்கு நேரா."

"திருப்பி வைங்க. காலையில வெதுவெதுன்னு ஒரு துணி, மூடின இமை மேல பத்து நிமிஷம். சொட்டு மருந்து நாலு வேளை. அப்புறம் நிமிஷத்துக்குப் பதினஞ்சு தடவை சிமிட்டணும். முழுசா மூடித் திறக்கணும்."

"பதினஞ்சு கட்டுப்படியாகாது டாக்டர். ஆறு போட்டுக்குங்க."

"பதினஞ்சு."

"எட்டு. கடைசிப் பேச்சு. தொழிலே படுத்துடும்."

"பதினஞ்சு" என்றார் டாக்டரம்மா, நிதானமாகச் சிமிட்டிக்கொண்டே. இரண்டு கண்ணும் அழகாக மூடித் திறந்தன, விலை மட்டும் அசையவில்லை. சிமிட்டுகிற ஆளிடம் மீன் அண்ணன் தோற்றது அதுவே முதல் தடவை.

மறுநாள் காலை பதினோரு மணிக்குக் கடைக் கட்டடத்தின் சொந்தக்காரி வரவிருந்தாள். மனைவியின் பெரியம்மாதான். ஆனாலும் வாடகை விஷயத்தில் அவளுக்கு உறவு முறை தெரியாது. மூன்று வருடத்துக்கு ஒருமுறை வருவாள், எதிரில் உட்காருவாள், முறைப்பாள். அவளும் இமைக்காத ஜாதி. இந்தத் தடவை நூற்றுக்கு முப்பது ஏற்றிக் கேட்டிருந்தாள். கொடுக்க முடியாவிட்டால் பின்அறையைக் காலி செய்ய வேண்டும்.

"பின்அறையில நானூத்திப் பன்னெண்டு இழுப்பறை இருக்கு" என்றாள் மனைவி. "அது வீட்டுக்கு வந்துச்சுன்னா நான் கோட்டுப் பொத்தான் மேலதான் படுக்கணும். நீங்க சட்டைப் பொத்தான் மேல."

"சிமிட்டினா தோத்துடுவேனே."

"சிமிட்டலேன்னா அழுதுடுவீங்க. எது தேவலை?"

அவள் கல்லாவுக்குப் பக்கத்தில் இரண்டு கிண்ணம் வைத்தாள். அவர் சிமிட்டும்போதெல்லாம் ஒரு பொத்தான் இந்தக் கிண்ணத்திலிருந்து அந்தக் கிண்ணத்துக்குப் போகும். நிறுத்தினால் இருமுவாள். ஃபேனை டாக்டர் சொன்னபடி அவரே திருப்பி வைத்தார்.

பெரியம்மா வந்து உட்கார்ந்தாள். "முப்பது, மாப்பிள்ளை."

"அஞ்சு, அத்தை" என்று சொல்லிவிட்டு அவர் சிமிட்டினார். டிக் என்று ஒரு பொத்தான் விழுந்தது.

பெரியம்மாவின் முகத்தில் வெற்றி தெரிந்தது. ஆனால் இமைத்தவர் இறங்கி வரவில்லை. மறுபடி சிமிட்டினார். டிக். "அஞ்சு" என்றார். டிக். இது எந்த ஊர் பேரம் என்று அவளுக்குப் புரியவில்லை. முழியை இன்னும் அகலமாகத் திறந்தாள். ஆறு நிமிஷம் போனது. அவள் கன்னத்தில் தண்ணீர் கோடு போட்டு இறங்கியது.

"பெரியம்மா, அழுவாதீங்க" என்றாள் மனைவி.

"யாருடி அழுவுறா? எனக்குத் தண்ணி ஜாஸ்தி. நாலு மாசமா இப்படித்தான். மணல் உறுத்துற மாதிரி இருக்கு."

அப்போதுதான் மீன் அண்ணன் பார்த்தார். திருப்பிய ஃபேன் நேராகப் பெரியம்மாவின் முகத்தில் வீசிக்கொண்டிருந்தது. இன்னும் ஐந்து நிமிஷம் விட்டால் ஐந்துக்கே முடிந்துவிடும் என்று வியாபார மூளை சொன்னது. அந்த எரிச்சல் எப்படியிருக்கும் என்று கண் சொன்னது. எழுந்துபோய் ஃபேனை அணைத்தார்.

"இப்ப எதுக்கு அணைக்கிற? பேச்சு முடியலையே" என்றாள் பெரியம்மா, சந்தேகமாக.

"உங்களுக்கு ஜாஸ்தி இல்ல அத்தை, வறட்சி. வழியறது மட்ட சரக்கு. சிமிட்டாம விட்டதுல வந்தது. டாக்டரம்மா விலாசம் தரேன், காட்டிடுங்க. அதுவரைக்கும் என்னை முறைக்காம நல்லா சிமிட்டுங்க."

"சிமிட்டினா இறங்கணுமே."

"நான் இறங்கினேனா?"

பெரியம்மா யோசித்தாள். பேரத்துக்கு நடுவில் ஒருவன் இலவசமாக எதையும் தந்து அவள் பார்த்ததில்லை. வந்து உட்கார்ந்ததிலிருந்து முதல் தடவையாக, ஆசையாகக் கண்ணை மூடித் திறந்தாள். "இருபது" என்றாள். நன்றாக இருந்திருக்க வேண்டும். இன்னொரு தடவை மூடினாள். "பதினஞ்சு."

"எட்டு" என்றார் அவர், சிமிட்டி.

"பன்னெண்டு. பின்அறை உன்கிட்டயே இருக்கட்டும். அந்த விலாசத்தை எழுது."

அவள் படியிறங்கியதும் மனைவி கிண்ணத்தைக் கவிழ்த்து எண்ணினாள். பேச்சு நடந்தது பதினோரு நிமிஷம். சிமிட்ட வேண்டியது நூற்று அறுபத்தைந்து. சிமிட்டியது நூற்று அறுபத்தொன்று.

பாக்கி நாலு.