பக்கத்துப் பெட்டியின் பாதி வட்டம்

செப்டம்பர் 9, செவ்வாய். வெள்ளை அட்டையில் ஒரே ஒரு ஆரஞ்சு வட்டம், அதற்குக் கீழே இடப்பக்கம் ஒதுங்கி நிற்கும் சின்னக் கறுப்பு எழுத்துகள், பூ இல்லை, சிரிக்கும் முகம் இல்லை, தங்கக்கோடு இல்லை, நான் வேலை பார்க்கும் மருந்துக்கடையின் அடித்தட்டில் கிடைத்த பழைய களிம்புப் பெட்டி, அதன் இடது ஓரத்து வெள்ளைப் பட்டையை வரைந்தவர் வேண்டுமென்றே விட்ட மௌனம் என்று நேற்று எழுதியிருந்தேன், தவறு, அது பசை தடவும் இடம். பெட்டியைப் பிரித்துத் தட்டையாக வைத்து அளந்தேன், அதனால் வந்தது, அளக்கத் தெரிந்த எனக்கு மடித்துப் பார்க்கத் தோன்றவில்லை, பெட்டி வடிவமைப்பு கற்கும் மாலை வகுப்பில் பல்பொடிப் பெட்டிக்கு நான் வரைந்த வடிவத்திலும் அதே பட்டையை அதே அகலத்தில் விட்டிருந்தேன், கூடப் படிக்கும் ஷமீலா என் தோளுக்கு மேல் எட்டிப்பார்க்கிறாள், ஏட்டி, அது பசை ஒட்டுற எடம்லா, அதப் போயி அழகுங்கியே, ஒட்டுன பெறவு ஒன் அழகு உள்ள போயிருமே, வகுப்பே சிரிக்கிறது, பாடம் எடுக்கும் எஸ்தர் மேடம் மட்டும் சிரிக்கவில்லை, அதுதான் அதிகம் வலித்தது.

வெள்ளிக்கிழமை பல்பொடிக் கம்பெனிக்காரர் வந்து எங்கள் வடிவங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பார், அதுதான் அச்சுக்குப் போகும், யாருடையது என்று எனக்கு இப்போதே தெரியும், ஷமீலா தன் தாளை மேசையில் வைத்தபோதே தெரிந்துவிட்டது, வெள்ளை முகப்பு, இடது ஓரத்தில் அரை வட்டம், வலது ஓரத்தில் அரை வட்டம், இவ்வளவுதானா என்று நினைத்து முடிப்பதற்குள் அதே படம் உள்ள இரண்டாவது தாளை அதன் பக்கத்தில் சேர்த்து வைத்தாள், நடுவில் ஒரு முழுச் சிவப்பு வட்டம் எழுந்து நின்றது, கடையில வரிசையா அடுக்குனா எப்படி இருக்கும்னு யோசிச்சிருக்கா பாருங்க என்றார் மேடம், மேலப்பாளையம் பஸ்ஸுல வரும்போது தோணிச்சு மேடம் என்றாள் அவள், பகல் முழுக்க அடுக்கிய பெட்டிகளுக்கு முன்னால் நிற்பவள் நான், ஒரு நாளும் கல்லாவுக்குப் பின்னால் நிற்காத அவளுக்கு அது பஸ்ஸில் தோன்றியிருக்கிறது. நல்லாருக்கு என்று சொல்ல வாய் வரவில்லை, சிவப்பு கொஞ்சம் அடர்த்தி என்றேன்.

கிளம்பும்போது அவளே ஒரு பிரதியை என் கையில் திணித்தாள், நீதான அளக்கதுல கெட்டிக்காரி, ஒருக்க பாத்துச் சொல்லுட்டி, கேலியா நம்பிக்கையா என்று புரியவில்லை. வீட்டுக்கு வந்ததும் குறை தேடித்தான் மடித்தேன், இம்முறை மடித்தேன், கிடைத்தது, மடிப்பு ஒரு நூலளவு விலகினாலும் அரை வட்டத்தின் ஓரத்தில் வெள்ளைக் கீற்று விழுகிறது, இரண்டு பெட்டிகளைச் சேர்த்தால் வட்டம் நடுவில் பிளந்து நிற்கிறது, நிறத்தைப் பக்கவாட்டிலும் கொஞ்சம் ஓடவிட்டிருந்தால் தெரியாது, அவள் விடவில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டே சந்தோஷமாக இருந்தேன், சொல்லாமல் இருந்தால் போதும், கண் அசந்தபோது மருந்துக்கடையின் எல்லாத் தட்டுகளிலும் அவள் பெட்டிகளே, அடுக்குவது நான்தான், வட்டங்கள் ஒவ்வொன்றாகப் பிளக்கின்றன, யாரோ வாங்கிக்கொண்டு போகிறார், அவருக்கு எதுவும் தெரியவில்லை, நான் விரலால் பெட்டிகளை நெருக்கி நெருக்கித் தள்ளுகிறேன், கீற்று மூடவில்லை, இன்னும் தள்ளுகிறேன், எதற்காக இப்படித் தள்ளுகிறேன், கெட்டுப்போகட்டும் என்றுதானே இருந்தேன்.

விழித்த பிறகும் பொறாமை அப்படியேதான் இருக்கிறது, அந்த வட்டம் என் கையிலிருந்து வந்திருக்க வேண்டும், ஆனால் அது பிளந்து நிற்பதை மட்டும் என்னால் பார்க்க முடியாது.

நாளை: வகுப்பு தொடங்கும் முன் ஷமீலாவைப் பிடித்து, சிவப்பை மடிப்பைத் தாண்டிப் பக்கவாட்டுக்கு நீட்டச் சொல்ல வேண்டும்.