முள்வண்டு செய்த வேலை

சம்பா நட்ட இருபதாம் நாள், காவாந்தண்டலத்தில் வரதனின் வயலில் இலையெல்லாம் வெள்ளை வெள்ளையாகக் கோடு விழுந்து காய்ந்தது. முந்தின வாரம் உரம் போட்டவன், பதினெட்டு வருஷமாக அங்கே வேலை செய்த மாசி.

"யூரியாவ அள்ளிக் கொட்டி பயிர கருக்கிட்டியேடா! இனிமே வேலைக்கு வராத," என்று களையெடுத்துக்கொண்டிருந்த பெண்கள் முன்னால் வரதன் கத்தினான்.

"அளவாத்தாங்க போட்டேன். ஏதோ பூச்சி கீதுங்க," என்றான் மாசி. வரதன் கேட்கவில்லை.

நான்கு நாள் கழித்து உத்திரமேரூரிலிருந்து விவசாய ஆபீசர் வந்தார். இலையில் உட்கார்ந்திருந்த அரிசி அளவுக் கருநீல வண்டைக் காட்டினார். அதன் முதுகெல்லாம் முள்.

"முள்வண்டுங்க. இலையில பச்சையச் சுரண்டித் தின்னும். அதான் நீளவாக்குல வெள்ளைக் கோடு. உரத்தால இப்படி ஆவாது."

வரதன் நேராக மாசியின் வீட்டுக்குப் போனான். வாசலில் அவன் மனைவி கண்ணகி நின்றிருந்தாள்.

"மாசி சொன்னதுதாம்மா சரி. வரச் சொல்லு."

"அவுரு வாலாஜாபாத் ரைஸ் மில்லுல சேந்துட்டாருங்க. ரெண்டு நாளு சோறே துன்னல, தெரியுமா?"

மருந்தடித்ததில் பயிர் தேறிவிட்டது. மாசி திரும்பவில்லை. பொங்கலுக்கு முன்னால் வாலாஜாபாத் பஸ் ஸ்டாண்டில் வரதனைப் பார்த்தபோது, "நல்லா கீறீங்களா?" என்று மரியாதையாகத்தான் விசாரித்தான். மன்னிப்புக் கேட்க நினைத்த வரதன், தலையை மட்டும் ஆட்டிவிட்டு பஸ் ஏறினான்.