கல்லுக்குள் ஊறிய ஆள்

போர்தோ நகருக்குப் போகும் குதிரை வண்டி நான்கு மணிக்குக் கிளம்பிவிடும். அதற்குள் படம் கைக்கு வந்தாக வேண்டும். எவரிஸ்த் காலையிலிருந்து படக்கடைத் தெருவைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

பாரிசின் பெரிய அரங்கில் பாலே ஆடியவன் அவன். இந்தப் பருவத்தோடு அனுப்பிவிட்டார்கள். ஆண்பிள்ளை ஆட வந்தால் கனவான்களுக்குக் கொட்டாவி வருகிறதாம். போர்தோ அரங்கின் மேலாளர் மட்டும் சொல்லியனுப்பியிருந்தார்: ஊரே கொண்டாடும் ஆட்டக்காரி செலினைத் தூக்கி ஆடியவன் நீதான் என்று அச்சுப் படத்தில் காட்டு, வேலை தருகிறேன்.

கடைக்குள் கயிறு முழுக்கப் படங்கள் காய்ந்தன. எல்லாவற்றிலும் செலின் அந்தரத்தில் நின்றாள். இவனைக் காணோம்.

"மதாம், நான் எங்க?"

கடைக்காரி மதாம் கீயே மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள். "அச்சுக்கல்லுலேர்ந்து உன்னைச் சுரண்டியாச்சுப்பா. உன் தொடையை எவன் காசு குடுத்துச் சுவத்துல மாட்டுவான்?"

"அப்போ அவளை யார் தூக்குறது?"

"ரெக்கை வெச்சிருக்கோம்ல."

"அதே ரெக்கையோட மேடையிலேர்ந்து குதிக்கச் சொல்லுங்க. கோழியாட்டம் விழுவா."

அச்சுக்கார பெர்னுவா சிரித்துக்கொண்டே அடுத்த தாளை உரித்தார். சிரிப்பு நின்றது. "மதாம், இங்க வாங்க."

செலினுக்குப் பின்னால் புகையாக ஓர் ஆள். இடுப்பைப் பிடித்த கைகள் தெளிவாக இருந்தன. முகம் மட்டும் மூடுபனி.

கல்லச்சு அப்படித்தான், கண்ணுகளா. கொழுப்புக் கரியால் வரைந்தது கல்லுக்குள் ஊறிவிடும். மேலோடு சுரண்டினால், மை உருட்ட உருட்ட மறுபடி எழுந்துவரும். இங்கேயும் அவசரத்தில் மேலோடு சுரண்டியிருந்தார்கள்.

"கல்லை இறக்கித் தேயுங்க. அந்தத் தாளைக் கிழிங்க" என்றாள் மதாம்.

எவரிஸ்த் தாளைப் பிடுங்கிக்கொண்டான்.

"கெட்ட தாள் வெளிய போனா என் கடைப் பேர் என்னாகும்?"

"பேரை வெட்டிக்கங்க."

கத்தரி அடிப்பட்டையை வெட்டியது. கடையின் பெயரோடு செலினின் பெயரும் போயிற்று.

"இது யாருன்னு போர்தோ மேலாளர் கேட்டா?" என்றாள் மதாம்.

"அவ முகம் தெரியாதவங்க உண்டா?"

"உன் முகம்?"

அவன் தாளிலிருந்த மூடுபனி முகத்தைப் பார்த்தான். மதாமின் குரல் தணிந்தது. "கையை உத்துப் பாக்கச் சொல்லு. அப்பவும் நம்பலைன்னா, அவர் பொண்டாட்டியைத் தூக்கிக் காட்டு."

"அந்தம்மா கனமா இருந்தா?"

"அப்போ வேலை நிச்சயம்."

மை ஈரம். சுருட்டினால் அந்தப் புகை ஆளும் கலைந்துவிடுவான். தாளின் இரு ஓரங்களையும் பிடித்து, தலைக்கு மேலே உயர்த்தியபடி தெருவில் இறங்கினான். காய்கறிக்காரிகள் கேலி பேசினார்கள். காற்று தாளை இழுத்தது.

வண்டிக்காரன் முகத்தைச் சுளித்தான். "அதை விரிச்சு வைக்க உள்ள இடமில்லை."

"கூரை மேல?"

"ஏறு. விழுந்தா நிறுத்த மாட்டேன்."

மூட்டைகளுக்கு நடுவே கால்களை ஊன்றிக்கொண்டான். வண்டி குலுங்கிப் புறப்பட்டது. மை காயும்வரை கைகளை இறக்க முடியாது.