தோராவின் தரையில் நகர்ந்த இரண்டு பிராணிகள்

“போன வருஷம் இது அடுப்பை ஒட்டி இருந்துச்சு எவெர்ட்.”

“கல்லுக்குக் கால் முளைச்சிருச்சாக்கும்! தரை பதிச்சவனையே கேலி பண்றியா தோரா?”

“பென்சில்ல கோடு போட்டு வச்சிருக்கேன். குனிஞ்சு பாரு.”

எவெர்ட் குனிந்து பார்த்தான். நகர்ந்துதான் இருந்தது. சுவீடனின் ஏலாந்துத் தீவுச் சுண்ணாம்புக் கல்லுக்குள் கோடிக்கணக்கான ஆண்டுகளாக உறைந்து கிடக்கும் கூம்பு வடிவக் கடற்பிராணிகளில் இரண்டு, ஒன்று அடுப்புப் பக்கமிருந்தும் மற்றது வாசல் பக்கமிருந்தும், ஆண்டுக்கு ஒரு விரற்கடை வீதம் ஒன்றையொன்று நோக்கி வந்துகொண்டிருந்தன. பாதிரியார் வந்து அளந்தார், ஆமாம் என்றார், காப்பி குடித்துவிட்டுப் போனார். அதன்பின் ஊரில் யாரும் அதைப் பெரிதாகப் பேசவில்லை.

பத்தொன்பது ஆண்டுகள் ஓடின. சனிக்கிழமைதோறும் எவெர்ட் வந்து நாற்காலிகளை நகர்த்தித் தருவான். மணல் கல்லைக் கீறிவிடும் என்று தோரா முதலில் மெல்லப் பெருக்குவாள். பிறகு வெதுவெதுப்பான நீரில் ஆளிவிதை எண்ணெய்ச் சோப்பைக் கரைத்து, துணியை நன்றாகப் பிழிந்து துடைப்பாள். காப்பி முடிந்ததும் அவன் எதிர்ச்சாரியிலிருந்த தன் வெறும் வீட்டுக்குப் போய்விடுவான். இங்கேயே இருந்துவிடு என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. பிராணிகள் இரண்டும் சேரட்டும், அன்றைக்குக் கேட்கலாம் என்று மனதுக்குள் தவணை வைத்திருந்தாள். இரண்டு விரற்கடைதான் பாக்கி.

கோடைத் திருநாளுக்கு வந்த தங்கை பிரித்தா, தோரா பூப்பறிக்கப் போயிருந்த நேரத்தில், மத்தி மீன் ஊறவைத்து மிஞ்சிய வினிகரால் தரை முழுவதையும் துடைத்துவிட்டாள்.

“காப்பி மெஷினே இதுலதான் பளிச்சுனு ஆகுது, தரை ஆகாதாக்கா?” என்றாள்.

தரை வெளிறிச் சொரசொரத்தது. எவெர்ட் அதைத் தடவிப் பார்த்தான். “புளிப்பு கல்லைத் தின்னுருச்சு” என்றான். பிரித்தா அழுதாள். அவன் வெறும் நீரால் அலசி, நாற்பது சனிக்கிழமைகள் முழங்காலிட்டு, கம்பளித் துணியும் மெருகுப் பொடியுமாகத் தேய்த்தான். மினுமினுப்பு திரும்பியது. பிராணிகள் மட்டும் அதன்பின் அசையவில்லை. பாதிரியார் மறுபடி வந்து அளந்தார், நின்றுவிட்டன என்றார். ஊர் அதையும் ஏற்றுக்கொண்டது.

கடைசிச் சனிக்கிழமை வேலை முடிந்து எவெர்ட் எழுந்தபோது முழங்கால் மடங்கியே நின்றது. மேசையைப் பிடித்துத்தான் நிமிர்ந்தான். அவன் தலை நரைத்திருந்ததை தோரா அப்போதுதான் கவனித்தாள். பிராணிகளுக்கு நடுவே அந்த இரண்டு விரற்கடை அப்படியே கிடந்தது. அவன் மர மிதியடியில் காலை நுழைத்தான்.

“போகாத எவெர்ட்” என்றாள். “இங்கயே இருந்துடு.”