லிங்கன்காரரின் செத்தவீடு

ஸ்ரீதரனின் கையிலிருந்த மைக்கைக் கமலாம்பிகை பறித்தாள். ஸ்காபரோ மரணச்சடங்கு மண்டபத்தில் பேச்சரவம் நின்றது.

"என்ன சொன்னனி? திருப்பிச் சொல்லு."

"உண்மையைத்தானே சொன்னன் அண்ணி. வன்னியில சண்டை முடிஞ்ச செய்தி கேட்டு அண்ணைக்கு நெஞ்சு வெடிச்சது."

"உன்ர அண்ணை செய்தி கேட்டவரே? கராஜுக்குள்ள காருக்கு வாக்ஸ் போட்டுக்கொண்டு நிண்டவர். என்ர தம்பி செத்துப்போனான், வாங்கோ எண்டு கத்தினன். இந்தக் கதவை முடிச்சிட்டு வாறன் எண்டார்."

அவர் வரவில்லை. அவள் போய்ப் பார்த்தபோது காரடியில் விழுந்து கிடந்தார், துணி கையில் இருந்தது.

பெட்டிக்குள் அவள் கணவர் தியாகலிங்கம் கோட்டும் டையுமாகக் கிடந்தார், சவாரிக்குப் புறப்பட்டவர்போல. விமான நிலையத்தில் லிமோ என்கிற வாடகைக் கார் ஓட்டியவர். வாங்கியதெல்லாம் லிங்கன் டவுன் கார். எண்பத்தொன்பதாம் ஆண்டுக் கார் நாலு மூலையும் வெட்டினாற்போல் இருந்தது. அடுத்ததில் மூலை மழுங்கியது. தொண்ணூற்றெட்டில் முட்டையாய் உருண்டது. அந்தக் காரின் படத்தைப் பார்த்த அன்று அவர் சோறு தின்னவில்லை. பிறகு அதையும் வாங்கினார். இந்தத் தையிலிருந்து தொலைக்காட்சியில் வன்னி எரிந்தது. அவர் முன்விளக்கின் வளைவைப் பற்றிப் பேசினார்.

"ஒரு மரியாதைக்குத்தானே அண்ணி. சனம் அண்ணையை நினைக்கும்."

"மரியாதையோ? குகதாசனுக்குப் பெட்டி இல்லை. பிரேதம் இல்லை. ஐயர் இல்லை. என்ர தம்பிக்கு இருக்கிறது அந்தச் சாவு ஒண்டுதான். அதையும் தூக்கி இவருக்குப் போடுறியோ?"

"சனம் பாக்குது."

"பாக்கட்டும்."

மைக் அதையும் மண்டபமெங்கும் சொன்னது. ஸ்ரீதரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான்.

ஐயர் அவசரமாக வாய்க்கரிசிக்கு அழைத்தார். அவள் இரண்டு கையாலும் அரிசி அள்ளினாள். வலக்கை அரிசியைக் கணவரின் வாயில் போட்டாள். இடக்கையை மூடிக்கொண்டு வெளியே நடந்தாள்.

வாசலில் லிமோக்காரர்கள் கார்களை வரிசையாக விட்டிருந்தார்கள். சதுரம், மழுங்கல், முட்டை. எல்லாம் கறுப்பு. எல்லாம் மினுக்கியவை. அவளுக்குக் காறித் துப்ப வேண்டும்போல் இருந்தது.

முதல் காரின் கதவை நீக்கிலாப்பிள்ளை திறந்து பிடித்தார். தியாகலிங்கத்தோடு இருபது வருடம் லிமோ ஓடியவர்.

"ஏறுங்கோ அக்கா. எரிக்கிற இடத்துக்கு நேரமாகுது. கையில என்ன?"

"தம்பிக்கு" என்றபடி அவள் ஏறினாள். விரலிடுக்கால் நாலைந்து அரிசி கறுப்புத் தோல் இருக்கையில் சிந்தியது. தட்டிவிட நீண்ட நீக்கிலாப்பிள்ளையின் கை பாதியில் நின்றது.

கதவை மெதுவாகச் சாத்தினார்.