டாவியனுக்கு நான் சொன்ன பதில்

ஆஸ்லண்டுக்குச் சிலை வைக்கப் போகிறார்களாம். வைக்கட்டும். கார்வில் கல்லூரியின் அமெரிக்க ஃபுட்பால் அணிக்கு ஜெயிப்பது எப்படி என்று பதினோரு வருடம் சொல்லிக்கொடுத்த கோச் அவர்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் அவர் எங்களை எப்படி விட்டுவிட்டுப் போனார் என்பதை அந்தச் சிலைக்குக் கீழே யாரும் பொறிக்கப் போவதில்லை.

என் கணவர் லீலண்ட் அவருக்குக் கீழே முன்வரிசைக் கோச்சாக இருந்தார். பந்து வீசுகிறவன் மேல் எதிரணி வந்து விழாமல் முட்டித் தடுக்கும் ஐந்து தடியன்கள்தான் முன்வரிசை. வியாழக்கிழமை சாயங்காலம் அவர்களுக்கும் மாற்று ஆட்களுக்கும் எங்கள் வீட்டில் சாப்பாடு. மொத்தம் பதினான்கு பேர். ஆறு மணி நேரம் வெந்த மாட்டிறைச்சியைப் பத்து நிமிடத்தில் காலி செய்துவிடுவார்கள்.

எங்களுக்குக் குழந்தை இல்லை. அந்தப் பதினான்கு பேரில் டாவியன் எனக்குத் தனி. ஆறரை அடி உயரம். மற்றவர்கள் போன பிறகும் நின்று பாத்திரம் கழுவிக் கொடுப்பான்.

"மிஸ் நோரீன், இந்த மக்ரோனில உப்பே இல்ல."

"மூணு தட்டு தின்னப்புறம்தான் தெரிஞ்சுதாக்கும்?"

"சந்தேகமா இருந்துச்சு. அதான் மூணு தடவ செக் பண்ணேன்."

டிசம்பர் முதல் வாரத்தில் ஆஸ்லண்ட் பெரிய பல்கலைக்கழகம் ஒன்றுக்குப் போய்விட்டார். பையன்களிடம் சொல்ல நான்கே நிமிடம் எடுத்துக்கொண்டார். லீலண்டையும் கூடவே கூப்பிட்டார். "எல்லாரும் போயிட்டா பசங்கள யாரு பார்த்துக்கறது?" என்று இவர் நின்றுவிட்டார். கல்லூரி இவரையே தலைமைக் கோச்சாக்கியது. முப்பது வருட ஆசை. அன்று கார் ஓட்டிக்கொண்டே அழுதார்.

பிறகுதான் விஷயம் தெரிந்தது. பள்ளிக்கூடப் பையன்களின் வீடு வீடாகப் போய் அப்பா அம்மாவிடம் பேசி ஆள் சேர்ப்பதுதான் இந்தத் தொழிலில் பாதி வேலை. போகிற எண்ணத்திலேயே ஆஸ்லண்ட் ஒரு வருடமாக ஒரு வீட்டு வாசலையும் மிதிக்கவில்லை; புதுப் பையன்களே இல்லை. களைப்பு என்று நினைத்து நாங்கள் அவருக்காகப் பரிதாபப்பட்டோம், அதைச் சொல்ல வேண்டும். போதாததற்கு விதி வேறு இருந்தது: கோச் போய்விட்டால் முப்பது நாட்களுக்குள் பையன்கள் யாரையும் கேட்காமல் வேறு கல்லூரிக்கு மாறிக்கொள்ளலாம்.

சீசன் முடிந்தும் வியாழன் சாப்பாட்டை நிறுத்த லீலண்ட் விடவில்லை. முதல் வாரம் பதினோரு பேர் வந்தார்கள். அடுத்த வாரம் ஏழு. கிறிஸ்துமஸ் விடுமுறை முடிந்து மூன்று பேர், அதில் டாவியன் ஒருவன். மிச்ச இறைச்சியை ஐஸ் பெட்டியில் திணித்தேன்.

முப்பதாவது நாள் மதியம், மளிகைக் கடை வாசலில் காரில் உட்கார்ந்திருந்தபோது போன் வந்தது.

"மிஸ் நோரீன், ஆஸ்லண்ட் கோச் என்னையும் கூப்பிடுறாரு. அங்க ஆடினா சம்பளம் குடுக்கற பெரிய டீம்காரங்க கண்ணுல படுவேங்கறாரு. நீங்க இருன்னா இருந்துடறேன். சத்தியமா."

அவன் இருந்தால் மற்ற இரண்டு பேரும் இருப்பார்கள், லீலண்டின் வேலையும் தப்பிக்கும். எல்லாம் ஒரு வார்த்தையில் இருந்தது. ஆனால் அவனுக்கு ஏற்கெனவே ஒரு முழங்காலில் தசைநார் கிழிந்து தைத்திருந்தது. கல்லூரியில் ஆட மிச்சமிருந்தது ஒரே வருடம். பக்கத்தில் அனுபவமில்லாத பிள்ளைகளை நிறுத்தி ஆடினால் அந்த வருடமும் வீணாகிவிடும். பெற்ற மகனாக இருந்தால் என்ன சொல்வேன்?

"போடா," என்றேன். அழுகை வந்துவிடும் என்று திட்டுவது போலவே பேசினேன். "இங்க இருந்து என்னத்தக் கிழிக்கப் போற?"

"கோச்கிட்ட என்ன சொல்றது?"

"நான் பார்த்துக்கறேன்."

நான் பார்த்துக்கொள்ளவில்லை. லீலண்டிடம் மூச்சே விடவில்லை.

அடுத்த வருடம் பன்னிரண்டு ஆட்டத்தில் ஒன்று ஜெயித்தோம். அதற்கடுத்த வருடம் அதுவும் இல்லை. ஆஸ்லண்ட் கட்டிக்கொடுத்த டீமை லீலண்ட் நாசம் பண்ணிவிட்டான் என்று சர்ச்சில் எனக்குப் பின்வரிசையிலேயே பேசினார்கள். டாவியன் அதற்குள் பெரிய அணியில் சம்பளத்துக்கு ஆடிக்கொண்டிருந்தான். நவம்பர் கடைசி ஞாயிறு லீலண்டை வேலையை விட்டு அனுப்பினார்கள்.

மறுநாள் அவருடைய அறையைக் காலி செய்ய நானும் போனேன். அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டே அவர் சொன்னார்:

"டாவியன் அன்னிக்கு மொதல்ல எங்கிட்டதான் வந்தான். என் வேலைக்காக ஒரு பையன இருன்னு சொல்ல எனக்கு வாய் வரல. நோரீனைக் கேளு, அவ சொல்றபடி செய்யின்னு அனுப்பிட்டேன்."

நான் கையிலிருந்த கோப்பைப் பெட்டிக்குள் வைத்தேன்.

"நீ எவ்வளவு கெஞ்சியிருப்ப," என்றார். "அதையும் மீறிப் போனான் பாரு. உன் மனசு நோகும்னுதான் இத்தன நாள் கேக்கல."

இனியும் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. "நான்தான் போகச் சொன்னேன், லீலண்ட்."

அவர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். டேப்பின் நுனியைச் சுரண்டினார்.

"போன மாசம் எனக்கு போன் பண்ணான்," என்றார். "நன்றி கெட்டவனே, இனிமே இந்த நம்பருக்குக் கூப்பிடாதன்னு கத்திட்டேன். அவன் உன் பேரையே எடுக்கல, நோரீன். 'சரி கோச்'னு மட்டும் சொன்னான்."